சிலுப்பாத ஊர்

வானத்திலிருந்து நெட்டையர்கள் திரும்பி வந்த வெள்ளிக்கிழமை காலையில், பஞ்சவர்ணம் கொல்லையில் நின்று தன் கிடாய்க்கு அகத்திக்குழை ஒடித்துக்கொண்டிருந்தாள். கிழக்கே பொட்டலில் நெடுங்கல் ஏழும் என்றைக்கும் நிற்கிற இடத்தில்தான் நின்றன. ஆனால் ஒவ்வொரு கல்லுக்குப் பின்னாலும் ஒருவர் நின்றார். பனை உயரம், சாம்பல் நிறம், முகம் இருக்க வேண்டிய இடத்தில் மழைக்கு முந்தின வானம் மாதிரி ஒரு மங்கல். காலை வெயிலுக்கு எல்லாருடைய நிழலும் மேற்கே விழ, அவர்களுடைய நிழல் மட்டும் சூரியனைப் பார்த்துக் கிழக்கே நீண்டு கிடந்தது. பஞ்சவர்ணம் குழையைக் கீழே போட்டுவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டாள். பிறகு வீட்டுக்குள் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"ஏத்தா நாகு, எந்திரிச்சு முகத்தைக் கழுவு. நம்ம நெட்டையசாமி வந்துட்டாக."

நிறைமாத வயிற்றோடு தாய்வீட்டுக்கு வந்திருந்த மகள் நாகஜோதி, கண்ணைத் திறக்காமலே, "எந்த பஸ்ஸுக்கு வந்தாகளாம்?" என்றாள்.

கல்லுப்பொட்டலில் அந்தக் கதை தெரியாத குழந்தை கிடையாது. ஆதியில் அந்த மலையடிவாரத்து மனுசருக்குக் கம்பும் தெரியாது, கல்லுக்குள் இரும்பு உறங்குவதும் தெரியாது, ஈரமண்ணை நெருப்பில் வைத்தால் பானையாகும் என்பதும் தெரியாது, கிழங்கு பறித்துத் தின்றுவிட்டு மழைக்குப் பாறையிடுக்கில் ஒண்டிக் கிடந்தார்கள். அப்போதுதான் ஏழு பேர், ஏணியில் இறங்குகிறவர்போல வெறுங்காற்றில் கால் வைத்து வைத்து இறங்கி வந்தார்கள், விதை கொடுத்தார்கள், இரும்பு காய்ச்சக் காட்டினார்கள், மாட்டை நுகத்தில் பூட்டக் காட்டினார்கள், செத்தவரைத் தாழியில் வைத்துப் புதைக்கக் காட்டினார்கள், கடைசியாக ஒரு கிடாயைப் பிடித்து நிறுத்தி, சாமிக்கு நேர்ந்து விடுகிற முறையையும் காட்டினார்கள். "நல்லாத் தின்னுங்க, நல்லாப் பெருகுங்க, வருவோம்" என்று சொல்லிவிட்டு, வந்த வழியே ஏறிப் போனார்கள். அவர்கள் நின்ற இடத்தில் நட்ட கல்தான் அந்த ஏழும்.

போன வருசம் மதுரையிலிருந்து கேமராவோடு இரண்டு பையன்கள் வந்து, அந்தக் கல்லையும் மலைப்பாறையில் செங்காவியால் வரைந்திருந்த நெட்டை உருவங்களையும் படம் பிடித்தார்கள். "இவங்க வேற்றுக்கிரகவாசிங்கன்னு உலகம் பூரா பேசிக்கிறாங்கம்மா, நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று பஞ்சவர்ணத்திடம் கேட்டார்கள். "வேற கிரகமோ வேற தாலுகாவோ, எங்களுக்குக் கஞ்சிக்கு வழி காட்டுனவுக" என்றாள் அவள். பக்கத்து வீட்டு ஒச்சாயிக்கு மட்டும் பொறுக்கவில்லை. "ஏம்ப்பா, எங்க முப்பாட்டனுக்குச் சொந்தமா மூளை கிடையாதாக்கும்? பானை வனைய மேல இருந்து ஆளு வரணுமாக்கும்? நாளைக்கு இந்தா நிக்கிற எங்க மதினி வைக்கிற புளிக்குழம்பும் அவுக சொல்லிக்குடுத்ததும்பீக. அது மட்டும் நெசமா இருக்கும், மனுசி வைக்கிற குழம்பு மாதிரி இருக்காது" என்றாள். பஞ்சவர்ணமும் சிரித்தாள். அப்போது சிரிக்க முடிந்தது.

இப்போது அவர்களே வந்துவிட்டார்கள். வந்தவரை வரவேற்க வேண்டாமா? பூசாரி சங்கிலி கொம்பு ஊதச் சொன்னார். பஞ்சாயத்துத் தலைவி தவமணி, ஆண்டிபட்டிச் சந்தைக்கு வண்டி அனுப்பிச் செவ்வந்திப்பூ முழுவதையும் வாரிக்கொண்டு வரச் செய்தாள். அவ்வளவு உயரத்தில் இருக்கிற கழுத்துக்கு எப்படி மாலை போடுவது என்று ஒரு பேச்சு வந்தது. ஏணி எட்டாது, எறிந்து போடுவது மரியாதை இல்லை, அதனால் சாமிக்குக் கட்டின மாலையை அடியார் போட்டுக்கொண்டு போய் நிற்பது என்று முடிவாயிற்று. இப்படியாக, கைக்குழந்தை முதல் கட்டிலில் கிடந்த கிழவர் வரைக்கும் ஊரே குளித்து, நெற்றியில் மஞ்சள் அப்பி, அதன் நடுவில் குங்குமம் வைத்து, கழுத்தில் செவ்வந்தி மாலையோடு, வரிசையாகப் பொட்டலில் போய்த் தலைகுனிந்து நின்றது. "எங்களை ஏத்துக்கங்க சாமி" என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். பஞ்சவர்ணத்துக்கு மேலெல்லாம் புல்லரித்தது. தன் மகள் வயிற்றில் ஆறு வருசமாகத் தங்காத பிள்ளை, இவர்களுக்குக் கிடா நேர்ந்துகொண்ட பிறகுதான் தங்கியது. அதைக் கண்ணால் பார்க்கவே இவர்கள் இறங்கி வந்திருக்கிறார்கள் என்று நினைத்து அழுதாள்.

நெட்டையர்கள் வரிசையைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்கள். மாடு வாங்கப் போனவர் பார்ப்பதுபோல, அவசரமில்லாமல் பார்த்தார்கள்.

மறுநாள் விடிந்தபோது மழை பெய்தது. மஞ்சள் மழை. அது மேகத்திலிருந்து வரவில்லை. கூரையை நனைக்கவில்லை, தகரத்தில் சத்தம் போடவில்லை, திறந்து கிடந்த குடத்தில் ஒரு சொட்டு விழவில்லை. வீட்டுக்குள் இருந்தாலும் வெளியில் இருந்தாலும் மாலை போட்டு நின்றவர் ஒவ்வொருவர் உச்சந்தலையிலும், யாரோ செம்பைச் சாய்த்துப் பிடித்த மாதிரி, மெலிசாக, சில்லென்று, விட்டு விட்டு விழுந்துகொண்டே இருந்தது. மார்கழிக் குளிர் வேறு. தலை துவட்டத் துவட்ட நனைந்தது. ஊர் அதையும் ஏற்றுக்கொண்டது. சாமி தீர்த்தம் தெளிக்கிறார் என்றார்கள். பெண்கள் தலையை விரித்துப் போட்டு வாங்கிக்கொண்டார்கள். "சோப்புச் செலவு மிச்சம்" என்றாள் ஒச்சாயி. திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்யும் மகன் அழகுபாண்டி போனில் கேட்டபோது, "நம்ம சாமி வந்திருக்காகய்யா, ஊரே மாலை போட்டுக் கும்பிட்டுச்சு, மஞ்சத்தீர்த்தமாக் கொட்டுது" என்று பஞ்சவர்ணம் பூரித்துச் சொன்னாள். "நான் லீவு போட்டு வரவாம்மா?" என்றான். "வாய்யா, அடுத்த வாரம் வா" என்றாள்.

அந்த அடுத்த வாரம் வருவதற்குள் அவள் கிடாயைப் பார்த்துவிட்டாள்.

பார்க்காமல் என்ன, தினமும்தான் பார்க்கிறாள். வெள்ளைக்காலன் என்று பேர் வைத்து, நாகஜோதிக்காக நேர்ந்து விட்ட கிடா. நேர்ந்து விட்ட கிடாயை அந்த ஊரில் யாரும் விரட்டமாட்டார்கள். எந்த வாசலில் காயும் தானியத்தில் வாய் வைத்தாலும், எவர் கொல்லையில் புகுந்து எதை மேய்ந்தாலும், தின்னட்டும் என்று விட்டுவிடுவார்கள். அது ஊரெல்லாம் தன்னுடையது என்று நினைத்துக்கொண்டு, கொம்பை ஆட்டிக்கொண்டு, வயிறு புடைக்கத் திரியும். மாசிக் கொடைத் திருவிழாவுக்கு இன்னும் நாள் இருந்தும், பூசாரி வரவேற்பன்றைக்கு அதற்கும் ஒரு மாலை போட்டு, நெற்றியில் மஞ்சள் வைத்து விட்டிருந்தார். பஞ்சவர்ணம் கையில் குழையை நீட்டி, வழக்கமாகச் சொல்வதையே சொன்னாள்: "நல்லாத் தின்னுடா, நல்லாப் பெருத்து வாடா."

சொன்ன வார்த்தை வாயைவிட்டுப் போகாமல் நின்றது. கிடா அவளைப் பார்த்தது. அதன் கழுத்தில் வாடின செவ்வந்தி. அவள் கழுத்திலும் வாடின செவ்வந்தி. சாமி திரும்பிப் போகும்வரை மாலையைக் கழற்றக் கூடாது என்று பூசாரி சொல்லியிருந்தார். அதன் நெற்றியில் மஞ்சள். அவள் நெற்றியிலும் மஞ்சள். அதன் தலை காய்ந்திருந்தது. அவள் தலையிலிருந்து மஞ்சள் தண்ணீர் காதோரம் இறங்கிச் சொட்டியது.

கொடையன்றைக்கு என்ன செய்வார்கள் என்று அவளுக்குத் தெரியும். மாலை போட்ட கிடாய்களை வரிசையாக நிறுத்தி, தலையில் மஞ்சள் தண்ணீரை ஊற்றிவிட்டு, அரிவாளைப் பின்னால் மறைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். கிடா தலையை மட்டும் ஆட்டினால் ஆகாது. தலையிலிருந்து வால் வரைக்கும் ஒரு சிலுப்பு சிலுப்ப வேண்டும். அதுதான் சம்மதம். அது சம்மதம் சொல்லாமல் யாரும் கை வைக்கமாட்டார்கள், விடிய விடிய ஆனாலும் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். வரிசையில் ஒரு கிடா சிலுப்பிவிட்டால் போதும், அத்தனைக்கும் உத்தரவு என்பது கல்லுப்பொட்டல் முறை. இந்த முறையைக் காட்டினது யார்?

அவள் ஓடவில்லை. ஓடினால் உடம்பு உதறும் என்று கால் அதற்குள் தெரிந்துகொண்டது. மெதுவாக நடந்து பூசாரி வீட்டுக்குப் போனாள். சங்கிலி அடுப்பங்கரையில் கம்பளியைப் போர்த்தி, நனைந்த தலையோடு, கல் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, இது தீர்த்தம் இல்லை" என்றாள்.

"மெதுவாப் பேசு தாயி."

"உங்களுக்குத் தெரியுமா?"

"மஞ்சளா விழுந்த அன்னைக்கே தெரியும். எத்தனை கிடாய்க்கு இந்தக் கையால ஊத்தியிருக்கேன்."

"ஏன்ணே சொல்லல?"

"சொன்னா பயப்படுவாக. பயந்தா நடுங்குவாக" என்றார் பூசாரி, உதட்டை மட்டும் அசைத்து. "நடுங்குனா முடிஞ்சுபோச்சு."

ஆனாலும் சொல்லத்தான் வேண்டியிருந்தது. தவமணி வீடு வீடாகப் போய், குழந்தைக்குக் கதை சொல்கிற குரலில், சிரித்த முகமாகச் சொன்னாள். "யாரும் பதறாதீக. பதறுறதுதான் ஆகாது. குளிருச்சுன்னா பல்லைக் கடிச்சுக்கங்க. உடம்பு பூரா மட்டும் உதறிப்புடாதீக, அவ்வளவுதான் சேதி." எல்லாரும் மாலையைக் கழற்றிப் பார்த்தார்கள், நெற்றியைத் தேய்த்துக் கழுவிப் பார்த்தார்கள், தண்ணீர் நிற்கவில்லை. சில பேர் மூட்டை கட்டிக்கொண்டு பஸ் ஏறினார்கள். பஸ்ஸுக்குள்ளும் அவரவர் தலையில் மட்டும் பெய்தது. சீட்டெல்லாம் மஞ்சளாகிறது என்று கண்டக்டர் பாதி வழியில் இறக்கிவிட்டான், நடந்தே திரும்பி வந்தார்கள். போன் செய்த அழகுபாண்டியிடம் பஞ்சவர்ணம், "இப்ப வராதய்யா, கம்பெனியில வேலை கெட்டுப் போகும்" என்றாள். உண்மையைச் சொன்னால் ஓடி வருவான், வந்தால் அவன் தலையிலும் விழுமோ என்று பயம். "சாமி எப்படி இருக்காங்க?" என்று கேட்டான். "நல்லா இருக்காகய்யா, நாங்களும் நல்லா இருக்கோம்" என்றாள்.

அதன் பிறகு கல்லுப்பொட்டல் எப்படி வாழ்ந்தது என்றால், தளும்பத் தளும்ப எண்ணெய் ஊற்றிய விளக்கைக் கையில் வைத்துக்கொண்டு நடப்பவள் எப்படி நடப்பாளோ அப்படி வாழ்ந்தது. தும்மல் வந்தால் மூக்கைப் பிடித்து விழுங்கினார்கள், சிரிப்பு வந்தால் கன்னத்தைக் கடித்தார்கள், உரலில் குத்துவதை விட்டார்கள், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு அசையாமல் வாய்ப்பாடு சொன்னார்கள், கோவிலில் உடுக்கை அடிக்கக் கூடாது, யாருக்கும் அருள் வரக் கூடாது என்று பூசாரியே கற்பூரம் அணைத்துச் சத்தியம் வாங்கினார். சுக்கும் மிளகும் கடையில் தீர்ந்தது. மேலத்தெருவில் ஒரு சாவு விழுந்தது. பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, தோள் குலுங்காமல், மாரில் அடிக்காமல், கண்ணிலிருந்து மட்டும் தண்ணீர் விட்டு ஒப்பாரி சொன்னார்கள். அந்த ஒப்பாரியைக் கேட்ட வெளியூர்க்காரர்கள் பயந்து பாதியில் எழுந்து போனார்கள். கருத்தமாயன் என்றொருவன், கள்ளுக்குப் பழகின உடம்பு, ஒரு விடியலில் தோளிலிருந்து இடுப்பு வரைக்கும் உதறிவிட்டான். இடுப்போடு நின்றது. அதனால் அது சம்மதம் ஆகவில்லை. ஆனால் பொட்டலில் ஏழு பேரும் ஓர் அடி முன்னால் எடுத்து வைத்திருந்தார்கள், அவர்களுடைய நிழல் முதன்முறையாக ஊர்ப்பக்கம் திரும்பியிருந்தது. அன்றிலிருந்து கருத்தமாயனை அவன் அண்ணன் தம்பிகள் வேப்பமரத்தோடு சேர்த்து, வலிக்காமல், துணியால் கட்டி வைத்தார்கள். அவனும் கட்டுங்கள் என்றுதான் சொன்னான்.

ஊர் இப்படிப் பழகிக்கொண்ட நேரத்தில், நாகஜோதிக்கு நாள் நெருங்கியது.

அதை முதலில் பேசினது ஆண்கள் இல்லை, பெண்கள்தான். பெற்றவளுக்குத்தான் தெரியும்: பிள்ளை விழுந்த கையோடு தாயின் உடம்பு ஒரு நடுக்கம் நடுங்கும், பல் கிட்டும், கட்டில் ஆடும், நாலு போர்வை போட்டாலும் அடங்காது. அதை அடக்க எந்தத் தாயாலும் முடியாது. தவமணி ஒருநாள் பஞ்சவர்ணத்தின் வீட்டுக்கு வந்து, குடித்த காப்பி டம்ளரைக் கீழே வைக்காமல் வெகுநேரம் கையில் வைத்திருந்தாள்.

"அக்கா, நாகுவை மாப்பிள்ளை ஊருக்கு அனுப்பிரலாமே."

"தண்ணி அவ கூடவே போகும்னு தெரியும்ல தாயி. எங்க நடுங்குனாலும் நடுக்கம் நடுக்கந்தான்."

"தெரியும்."

"பெறகு?"

சொல்ல முடியாததைச் சொல்லத்தான் தவமணி வந்திருந்தாள், அது பஞ்சவர்ணத்துக்கும் தெரிந்தது. ஒரு கிடா நோயில் விழுந்தால், கொடைக்கு முன்னால் அதை வரிசையிலிருந்து எடுத்துவிடுவார்கள். எப்படி எடுப்பார்கள் என்று பேசுவதில்லை.

"என் மகளை வரிசையை விட்டு எடுக்கச் சொல்றியா தவமணி?" என்று பஞ்சவர்ணம் மெதுவாகக் கேட்டாள். குரல் ஏறினால் உடம்பு உதறும் என்பதால் கோபத்தையும் தாலாட்டு மாதிரிதான் சொல்ல வேண்டியிருந்தது. "ஒம் மகன் பொறந்தப்ப நீ நடுங்குன நடுக்கத்துல கட்டில் சட்டம் விட்டுப்போச்சு. ஒன் காலைப் பிடிச்சுக்கிட்டு நின்னது யாரு?"

தவமணி டம்ளரைக் கீழே வைத்தாள். "நீங்கதான்க்கா."

"அப்ப போ. போயி நாலு பேரைக் கூட்டிட்டு வா."

நாகஜோதி உள்ளறையில் படுத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். மஞ்சள் தண்ணீர் அவள் நெற்றியில் சொட்டிக் காதுக்குள் இறங்கியது. "அம்மா, நான் நடுங்கமாட்டேன்மா" என்றாள். அந்த வார்த்தையைக் கேட்டுத்தான் பஞ்சவர்ணம் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டாள். இரவும் பகலும் அவள் வேண்டிக்கொள்கிற சாமி அந்தப் பொட்டலில்தான் நின்றது. இனி யாரை வேண்டுவது என்று தெரியாமல், வாய் மட்டும் பழக்கத்தில் "காப்பாத்துங்க, காப்பாத்துங்க" என்று முணுமுணுத்தது.

வலி கண்டது ஒரு நண்பகலில். ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் கிரேஸி ஸ்கூட்டியில் வந்தாள்; அவள் வெளியூர், மாலை போடாதவள், அவள் தலை காய்ந்திருந்தது. விசயத்தைக் கேட்டுவிட்டு, "ஐயோ, நடுக்கத்தை எப்படிம்மா நிறுத்துறது? அது உடம்போட வேலை. பயப்பட ஒண்ணுமில்லை, கொஞ்ச நேரத்துல தானா அடங்கும்" என்றாள். "அந்தக் கொஞ்ச நேரந்தான் சிஸ்டர்" என்றாள் ஒச்சாயி. அவள்தான் முதலில் வந்து நாகஜோதியின் வலது காலைப் பிடித்தவள். "ஏ மதினி, எம்மேல கோவம் இருந்தா இப்பவே மிதிச்சுக்கச் சொல்லு ஒம் மகளை" என்று சொல்லி, சிரிப்பு வரும் முன்னே கன்னத்தைக் கடித்துக்கொண்டாள்.

தெருப் பெண்கள் அத்தனை பேரும் வந்தார்கள். இடம் இருந்தவரைக்கும் அவள் உடம்பைப் பிடித்தார்கள், இடம் இல்லாதவர்கள் பிடித்தவர்களைப் பிடித்தார்கள், அறை நிறைந்து கூடம் நிறைந்து வாசல் நிறைந்து, தெருவில் நின்ற ஆண்களும் ஒருவர் கையை ஒருவர் பிடிக்க, மரத்தில் கட்டியிருந்த கருத்தமாயனும் கையை நீட்டினான். கூரைக்கு மேலே வெளிச்சம் குறைந்தது. நெட்டையர்கள் வந்து, ஏழு பேரும் குனிந்து, ஓட்டுக்கூரை கண்ணாடியாக இருப்பதுபோல உள்ளே பார்த்தார்கள். பஞ்சவர்ணம் நிமிர்ந்து பார்க்கவில்லை. மகளின் தலையைத் தன் மடியில் இறுக்கிக்கொண்டாள்.

பிள்ளை விழுந்தது. ஆண் பிள்ளை. அடுத்த மூச்சில் நடுக்கம் வந்தது.

வந்த நடுக்கம் நாகஜோதியின் உச்சியில் தொடங்கிக் கீழே இறங்கப் பார்த்தது. பஞ்சவர்ணம் அதைத் தன் விலாவில் உணர்ந்தாள், அது மகளைவிட்டுத் தன் பக்கம் கொஞ்சம் சாய்ந்தது. ஒச்சாயியின் கட்டைவிரல் துடித்தது. தவமணியின் இடது இமை துடித்தது. நடுக்கம் ஒரு கையிலிருந்து மறுகைக்குப் போயிற்று. கூடத்தில் ஒருத்திக்கு உதடு, வாசலில் ஒருத்திக்கு முழங்கால், தெருவில் ஒருவனுக்குக் கழுத்து நரம்பு, பூசாரிக்குத் தாடை, கருத்தமாயனுக்குச் சுண்டுவிரல் என்று, ஒரு தாயின் நடுக்கம் ஒரு படி அரிசியைப் போல ஊரெல்லாம் பங்காகி, ஆளுக்கு ஒரு கைப்பிடியாகப் போய், யாருடைய உடம்பையும் தலையிலிருந்து கால்வரை உதறாமல், கடைசி ஆளின் நகத்தில் போய் அடங்கியது.

யாரும் கையை விடவில்லை. அந்த அமைதியில், வாசலில் நின்ற வெள்ளைக்காலன், அத்தனை பேர் தலையிலிருந்தும் சிதறின தண்ணீரில் நனைந்து போயிருந்ததால், கொம்பிலிருந்து வால் வரைக்கும் படபடவென்று ஒரு சிலுப்பு சிலுப்பியது. எல்லாரும் பிடியை இறுக்கினார்கள். நெட்டையர்கள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அது அவர்களுடைய கிடா இல்லை.

சாயங்காலம் தண்ணீர் நின்றது. ஏழு பேரும் நிமிர்ந்து, ஊரைக் கடைசியாக ஒருமுறை பார்த்துவிட்டு, மலையைத் தாண்டி வடமேற்கே நடந்து போனார்கள். நடந்த வழியில் புல் மடங்கவில்லை. ஊர் வெகுநேரம் நம்பாமல் தலையைத் தடவிப் பார்த்தது. பிறகு ஒரு குழந்தை வேண்டுமென்றே உடம்பை உதறிக் காட்டியது. ஒன்றும் நடக்கவில்லை என்று தெரிந்ததும், அடக்கி வைத்த சிரிப்பும் அழுகையும் தும்மலும் ஒரே நேரத்தில் வெளியே வந்து, தெருவே குலுங்கியது. கருத்தமாயனை அவிழ்த்தார்கள். பஞ்சவர்ணம் அரிவாள்மணையை எடுத்து வந்து, வெள்ளைக்காலனின் கழுத்துக் கயிற்றை அறுத்தாள், மாலையை எடுத்தாள், நெற்றியைத் தன் முந்தானையால் துடைத்தாள். "எங்கிட்டாவது போடா. ஒங்கிட்ட இனிச் சம்மதம் கேக்கமாட்டேன்" என்றாள். அது கொஞ்ச தூரம் போய், அகத்திமரத்தடியில் நின்றுகொண்டது.

பூசாரி வாசலில் வந்து நின்றார். எல்லாரும் சிரிக்கையில் அவர் முகம் மட்டும் தெளியவில்லை.

"சிலுப்பாத கிடாயை என்னண்ணே செய்வோம்?" என்று பஞ்சவர்ணம் கேட்டாள்.

"அவுத்து விட்டுருவோம்."

"அவுத்து விட்டுட்டு?"

பூசாரி வடமேற்கே பார்த்தார். "வேற கிடா பிடிச்சுட்டு வருவோம்" என்றார்.

திருப்பூரும் அந்தத் திக்கில்தான் இருந்தது. பஞ்சவர்ணம் மகனுக்குப் போன் போட்டாள். அவன் எடுக்கவில்லை. விடிந்ததும் போட்டாள், எடுக்கவில்லை. தெரிந்தவர் தெரியாதவர் எல்லாருக்கும் போன் போட்டாள், தவமணியும் போட்டாள், பஸ் நிறுத்தத்தில் நின்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார்கள். கேட்டவர்களோ, மஞ்சள் தண்ணீர் விழுந்தால் நடுங்காதீர்கள் என்று சொல்கிற பெண்களைப் பார்த்து, பாவம், அந்த ஊருக்கே ஏதோ ஆகிவிட்டது என்று போனார்கள். பேரன் தொட்டிலில் சிணுங்கினான். பொழுது உச்சிக்கு வந்தபோது அழகுபாண்டியே கூப்பிட்டான்.

"அம்மா! அக்காவுக்குப் பையனாமே, மாமா சொன்னாரு! ஒரே சத்தம்மா இங்க, கேக்குதா?"

கேட்டது. பின்னால் மேளம், விசில், பாட்டு, ஒரு ஊர் அளவுக்கு இல்லை, பத்து ஊர் அளவுக்குக் கூட்டம்.

"அய்யா, எங்க நிக்கிற?"

"திருப்பூர்லதான்மா, பாலத்துக்கிட்ட. நம்ம சாமி இங்க வந்துட்டாங்கம்மா! நேத்துச் சாயங்காலமே வந்துட்டாங்க. யாருக்கும் என்ன செய்யறதுன்னு தெரியல, எல்லாரும் பயந்து நின்னாங்க. நான்தான் சொன்னேன், இது எங்க ஊர்ச் சாமி, பயப்படாதீங்க, குளிச்சு மஞ்சள் வச்சு மாலை போட்டுக் கும்பிடணும்னு. கம்பெனி பூரா போட்டாங்கம்மா. தெருத்தெருவாப் போட்டாங்க. பூவே கிடைக்கல ஊர்ல. காலையில இருந்து மஞ்சளாக் கொட்டுது, நீ சொன்ன மாதிரியே!"

பஞ்சவர்ணம் கண்ணை மூடினாள். தான் சொன்னது அத்தனையும், தான் சொல்லாதது அத்தனையும் அந்தப் போனுக்குள் மேளமாக அடித்தது.

"அய்யா, நல்லாக் கேளு. அசையாம நில்லு. ஒடம்பை இறுக்கிப் பிடிச்சுக்க. எல்லாரையும் அசையாம நிக்கச் சொல்லு."

"என்னம்மா? கேக்கல. எல்லாரும் ஆடுறாங்கம்மா, ரோடு பூரா ஆட்டம்தான். சும்மா சில்லுன்னு இருக்கு. குளிருதும்மா" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பு விட்டு விட்டு வந்தது.

பஞ்சவர்ணம் போனை ஸ்பீக்கரில் போட்டாள். அதை இடது உள்ளங்கையில் வைத்துத் தாம்பூலத்தட்டுப் போலப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். "ஒச்சாயி" என்று கூப்பிட்டாள். மேளச்சத்தத்தைக் கேட்ட ஒச்சாயி ஒரு வார்த்தை கேட்கவில்லை. வந்து பஞ்சவர்ணத்தின் வலது கையைப் பிடித்தாள். தவமணி ஒச்சாயியைப் பிடித்தாள். பச்சை உடம்போடு நாகஜோதி எழுந்து வந்து அம்மாவின் தோளைப் பற்றினாள். கிரேஸி ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு வந்து சேர்ந்தாள். தெரு நிறைந்தது. கை கையைத் தேடிப் பிடித்தது. அகத்திமரத்தடியில் வெள்ளைக்காலன் மேய்வதை நிறுத்திவிட்டு, அசையாமல், அவர்களையே பார்த்தது.

போனுக்குள் ஏதோ ஒரு கணத்தில் மேளம் நின்றது.

"அய்யா, அங்க நடுங்குறதை எனக்குக் குடு" என்றாள் பஞ்சவர்ணம், அந்தச் சின்ன வெளிச்சத்தைப் பார்த்து. "எவ்வளவுன்னாலும் குடு. இங்க ஆளு இருக்கு."

அவளுடைய இடது சுண்டுவிரல் மெல்லத் துடிக்க ஆரம்பித்தது. அடுத்து மோதிரவிரல். அடுத்து மணிக்கட்டு. அது ஒரு பிள்ளையின் நடுக்கமாக இல்லை. ஒரு பெரிய ஊரின் நடுக்கமாக, லட்சம் தோளிலிருந்து புறப்பட்டதாக வந்துகொண்டே இருந்தது. பஞ்சவர்ணம் பல்லைக் கடித்து, ஒச்சாயியின் கையை இறுக்கினாள். தெருக்கோடியில் கடைசியாக நின்ற கருத்தமாயன், தன் மறுகையால் பிடிக்க இன்னும் யாராவது இருக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தான்.